கால் முறிந்த டிரம்மர்

எங்கள் மெட்டல் ராக் இசைக்குழுவில் நான் கிட்டார், என் நண்பன் டிரம்ஸ். எனக்கு ஏற்காட்டில் துணிக்கடை, அவனுக்கு வாழவந்தியில் காப்பித் தோட்டம். போன மழைக்காலத்தில் செம்மநத்தம் போகும் வழியில் பைக் சறுக்கி அவன் வலது கால் முறிந்தது. மெட்டலுக்கு இரண்டு கால்களும் ஓயாமல் பெடலை மிதிக்க வேண்டும். பதிவு பாதியில் நின்ற எங்கள் பாட்டை முடிக்க, லேப்டாப்பில் டிரம்ஸ் மென்பொருள் ஒன்றைப் போட்டு நானே தாளம் அமைத்தேன். அவனிடம் அதைக் காட்டத்தான் தயக்கமாக இருந்தது.

கட்டிலில் சாய்ந்தபடி முழுவதும் கேட்டான். கோபப்படுவான் என்று நினைத்தேன்.

"எல்லா அடியும் ஒரே மாதிரி உளுகுது மாப்ள. எனக்கு எடது கால் கொஞ்சம் மெதுவாத்தான் உளுகும். இங்க கொண்டா," என்று லேப்டாப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

மாலை வரை ஒவ்வோர் அடியாக நகர்த்தினான். சிலவற்றின் சத்தத்தைக் குறைத்தான், சிலவற்றைக் கொஞ்சம் பிந்த வைத்தான். சரியாக வந்தபோது வாய்விட்டுச் சிரித்தான். காப்பி கொண்டுவந்த அவன் மனைவி கதவருகிலேயே நின்றுவிட்டார்.

"இவரு சிரிச்சு நொம்ப நாளாச்சுங்கண்ணா. நாளைக்கும் வாங்க," என்றார்.

பாட்டு முடியும்வரை போனேன். இப்போது கால் தேறி, மேடையில் அவனே வாசிக்கிறான். அந்தப் பாட்டை மட்டும் மறுபடி பதிவு செய்ய விடமாட்டேன் என்கிறான். "அதுவும் நான் வாசிச்சதுதான்டா."

மனிதர் வாசிப்பதே டிரம்ஸ் என்று பலரோடு சண்டை போட்டவன் நான். அவனைப் படுக்கையிலும் டிரம்மராகவே வைத்திருந்த அந்த மென்பொருளுக்கு மனதார நன்றி சொல்கிறேன்.