பரணில் ஏறிய சீன வேர்

மூத்தவன் பிறந்தபோது அடிவயிறு லேசாக முணுமுணுத்ததோடு சரி. இரண்டாவது பிறந்ததும் அந்த வலி என்னைப் படுக்கவிடவில்லை. பால் கொடுக்கப் பிள்ளையை அணைத்தாலே உள்ளே யாரோ ஈரத்துணி பிழிவது போலிருக்கும். வீட்டுக்கு எதிரே இருந்த கோட்டை மலைப் பாறைகளின் சூடு வேறு ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது. புரண்டேன், எழுந்தேன், எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். அம்மா தந்த சுக்கும் கருப்பட்டியும் தொண்டையைத்தான் எரித்தன.

சிங்கப்பூரில் வேலை பார்த்த என் கணவர், ஊருக்கு வந்த நண்பரிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தார். அந்த நண்பர் அவலூர்பேட்டைக்காரர். ஒரு கையில் டேப் ரெக்கார்டர், மறு கையில் என் மருந்து. பிரித்தால் காய்ந்த வேர்ச் சீவல்கள், சுருங்கிய பேரீச்சை மாதிரி ஏதோ சிவப்பாக. தாள் முழுக்கச் சீன எழுத்து.

"புள்ள பெத்தவங்க வலிக்கு அங்க இதாம்மா குடுக்கறாங்க," என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கோழியோட போட்டு, மேல கொஞ்சம் சாராயம் ஊத்தி அவிப்பாங்க."

சாராயம் என்றதும் அம்மா "அஸ்தக்ஃபிருல்லாஹ்" என்று இறைவனிடம் மன்னிப்புக் கேட்டாள். பொட்டலம் பரணுக்குப் போனது.

நண்பர் தெருவைத் தாண்டியதும் ஆரம்பித்தேன்.

"சாராயம் அவங்க ஊத்தறது. வேர் இன்னா பாவம் பண்ணிச்சு?"

"எதுல ஊற வெச்சதோ, யாருக்குத் தெரியும்? பால் குடிக்கிற புள்ள இருக்குதுடி."

"வலி எனக்குத்தானே இருக்குது!"

எனக்காக என் கணவர் தேடி வாங்கியதை எலிக்கு வைத்துவிட்டாளே என்று ஆத்திரம். அம்மாவோடு பேச்சை நிறுத்தினேன். பேச்சு நின்றதும் வலி இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

மறுநாள் மதியம் தாங்க முடியாமல், பாதிப் பாலில் பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிள்ளையும் அழுதது. அம்மா ஸ்டூலைப் போட்டுப் பரணில் கைவிட்டாள்.

அடுப்படியிலிருந்து ஈர மண்ணும் கோழியும் கலந்த வாசம் வந்தது. சாராயம் இல்லாமல்தான். பிஸ்மி சொல்லி டம்ளரில் ஊற்றினாள். கையை நீட்டினேன். என்னிடம் தராமல் டம்ளர் முழுவதையும் தானே குடித்தாள்.

"இன்னாம்மா பண்றே?"

"எனக்கு ஒண்ணும் ஆவலைன்னா பொழுது சாய நீ குடி."

சர்க்கரையும் மூச்சிரைப்பும் உள்ள உடம்பு அது. எனக்கு எதிரே உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டாள். நெற்றி வியர்த்திருந்தது, அடுப்புச் சூடாக இருக்கலாம். "தலை சுத்துதா? வயிறு எப்படி இருக்குது?" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தேன். பயமாக இருந்தது. பிள்ளை மறுபடி அழ, எடுத்து மார்பில் போட்டுக்கொண்டேன். கண்ணை அம்மா முகத்திலிருந்து எடுக்கவில்லை.

பிள்ளை குடித்து முடித்துத் தூங்கிய பிறகுதான், இந்த முறை வலித்ததா என்று யோசித்தேன். நினைவில்லை.