மாலினியின் சாட்சியும் மொழிபெயர்த்த நானும்

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஒழுங்காக வேலை செய்தால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள், தடுமாறினால்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு கிளாஸ் தண்ணீர்

தமிழையும் மலையாளத்தையும் குழைத்துப் பேசும் கரமனைக்காரி நான். மாலினி (பெயரை மாற்றியிருக்கிறேன்) இலங்கையிலிருந்து வந்தவள். போரின்போது ஆயுதக்காரர்கள் அவளைச் சீரழித்தார்கள். பிறகு அகதி முகாமில் இருந்தவளை வீட்டுவேலை என்று சொல்லி ஒரு ஏஜென்ட் அழைத்துவந்து, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கழக்கூட்டம் என்ற இடத்தில் ஒரு ஃபிளாட்டில் பூட்டிவைத்து விற்றான்.

போலீஸ் மீட்ட மறுநாள் அவள் வாக்குமூலத்தை மலையாளத்தில் சொன்னேன். சாட்சி ‘நான்’ என்றால் நாமும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். பாதியில் வந்த பெண் போலீஸ் ஒருத்தி அதைக் கேட்டுக் கலங்கி, என் கையைப் பிடித்துத் தண்ணீர் கொடுத்துத் தேற்ற ஆரம்பித்துவிட்டாள். நான் திருதிருவென்று விழித்தேன். மாலினிக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

“அக்கா, எனக்கு நடந்ததுக்கு உங்களுக்கு ஏன் தண்ணி குடுக்கினம்?”

அது வேற கேஸ்

விசாரணைக்கு முன்பு அரசு வக்கீல் அம்மா என்னைத் தனியாக அழைத்தார். “யுத்தக் கதை வேண்டா, கேட்டோ. அது வேற கேஸு. எதிர்த்தரப்பு வக்கீல் அதை வெச்சு இவளைக் கேவலமாப் பேசுவான்.” நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். மாலினியிடம் அப்படியே சொன்னேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

“ரெண்டும் ஒரே கதைதான் அக்கா. அங்க நடந்தது தெரிஞ்சபடியாத்தான் இவன் முகாமில எங்கட வீட்டுக் கதவைத் தட்டினவன்.”

கூண்டில்

மூடிய அறையில் விசாரணை. போரில் நடந்ததை அவளே ஏஜென்டிடம் சொல்லி, நம்பித்தானே கூட வந்தாள் என்று மடக்கினார் எதிர்த்தரப்பு வக்கீல். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அவளோ நிதானமாகச் சொன்னாள்: “நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல. ஆரோ சொல்லி அறிஞ்சு வந்து, நான் வேலைக்கு மாட்டன் எண்டதும் ‘உன்னை இனி ஆர் கட்டுவினம்? வராட்டி ஊருக்கெல்லாம் சொல்லிப்போடுவன்’ எண்டு இவன்தான் வெருட்டினவன்.” அதை அப்படியே மலையாளத்தில் சொன்னேன். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

அதே முகாமிலிருந்து அவன் அழைத்துவந்த இன்னும் இரண்டு பெண்கள் அதுவரை வாயே திறக்கவில்லை. மாலினி பேசிய தைரியத்தில் அவர்களும் கூண்டேறி அதையே சொன்னார்கள். ஏஜென்ட் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. அவளிடம் அதைத் தமிழில் சொன்னபோது எனக்கிருந்த சந்தோஷம் சொந்த வீட்டுக் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை. அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“இன்னொருக்காச் சொல்லுங்கோ அக்கா, ஆறுதலா, மெல்ல மெல்ல.”

கூட்டாமல் குறைக்காமல் ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும் என்ற எங்கள் தொழில் விதியை, அன்று நீதிமன்ற வராந்தாவில் தொண்டை கட்டும்வரை மீறினேன்.