குளித்துப் போன குருவிகள்

மூலக்குளம் சாமிக்கண்ணுவைப் பற்றி எழுதுவதென்றால் தேவதாசைத் திட்டாமல் எழுத முடியாது. முதலிலேயே திட்டிவிடுகிறேன். தேவதாஸ் நல்ல மனுஷர்தான். பூசைக்குத் தவறாதவர், பிரெஞ்சு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கேட்கிறவர் முகம் சுளிக்கும்படியான ஒரு சொல் அவர் வாயில் வராது. அப்படிப்பட்டவரைப் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷியாக வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் கெட்டுப்போகும். கெட்டுத்தான் போனது.

சாமிக்கண்ணு கம்பங்கொல்லைகளுக்குக் காவல்காரர். கவண் சுழற்றுவார், ஆனால் கல் எந்தக் குருவி மேலும் படாது. அடங்காத குருவிகளைக் கண்ணி வைத்துப் பிடித்து, வில்லியனூர்ப் பக்கம் கொண்டுபோய்ப் பறக்கவிட்டு வருவார். "பாடுற வாய அடைக்கப்படாது" என்பார். கூட்டிலிருந்து விழுந்த ஒரு குண்டுக்கரிச்சான் குஞ்சை எடுத்து வளர்த்தார். கறுப்பும் வெள்ளையுமாக, வாலைத் தூக்கிக்கொண்டு, விடிவதற்குள் பாட ஆரம்பித்துவிடும். அதற்கு ராசா என்று பெயர். அவர் பெண்டாட்டி அஞ்சலாட்சிக்கு அதன் மேல் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

முப்பத்து நாலிலோ முப்பத்தைந்திலோ, சைகோனிலிருந்து ரெமி என்ற பிரெஞ்சுக்கார முசே புதுச்சேரிக்கு வந்தார். வாய்க்காலுக்குக் கிழக்கே, வெள்ளைக்காரர்கள் இருந்த பகுதியில் வீடு எடுத்துத் தங்கி, தேவதாசைத் துபாஷியாக வைத்துக்கொண்டார். பறவைகளின் இறகுக்குள் வாழும் பேன்தான் அவருடைய ஆராய்ச்சி. சிரிக்காதீர்கள். ஒரு சாதிப் பறவையின் பேன் இன்னொரு சாதிப் பறவையிடம் பெரும்பாலும் தங்காதாம். அதனால் பேனைப் பார்த்தே பறவைகளின் சொந்தபந்தத்தைச் சொல்லிவிடலாம் என்பது அவர் கணக்கு. சைகோன் குண்டுக்கரிச்சானின் பேன் அவர் கையில் இருந்தது. நம் ஊர்க் கரிச்சானின் பேனும் அதே வகையா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பறவையை ஈதர் பஞ்சு போட்ட கண்ணாடி ஜாடிக்குள் அடைப்பார். அது மூச்சு அடங்கியதும் வெள்ளைக் காகிதத்தின் மேல் இறகுகளை உதறுவார்.

"காட்டுல இருக்கிறபடியே, பேனோட கொண்டுவரச் சொல்" என்று முசே, வரவழைத்திருந்த சாமிக்கண்ணுவைக் காட்டி, தேவதாசிடம் பிரெஞ்சில் சொன்னார். தேவதாசுக்குக் கூச்சமாகிவிட்டது. பேன் தேடிக் கப்பலேறி வந்தவர் என்று சொன்னால் முசேக்கு என்ன மரியாதை மிஞ்சும்?

"முசே கரிச்சானப் பாத்துப் படிக்கிறாரு. நல்லதா புடிச்சாந்து குடு" என்றார்.

"பாத்துட்டு இன்னா பண்ணுவாங்க?" என்று சாமிக்கண்ணு கேட்டார். அவருக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

ஜாடியைப் பற்றிச் சொல்லவும் தேவதாசுக்கு வாய் வரவில்லை. "தோட்டத்துல வுட்டுடுவாங்க" என்றார்.

சாமிக்கண்ணு முதல் கரிச்சானைப் பிடித்து வந்த அன்றைக்கே அஞ்சலாட்சி இறகை விலக்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏன்யா, பேனும் ஈருமா கெடக்குது. இதயா வெள்ளக்காரன் ஊட்டுக்கு எடுத்தும்போவ? மூலக்குளத்துக்காரங்க இப்பிடித்தான் இருப்பாங்கன்னு நெனைக்க மாட்டான்?"

வேப்பிலையும் வசம்பும் போட்டு வெந்நீர் வைத்தாள். கரிச்சானைக் குளிப்பாட்டி, வெயிலில் உலர்த்தி, சாம்பிராணிப் புகை காட்டினாள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் தலை வாரிவிட மாட்டோமா, அப்படித்தான். அதற்குப் பிறகு ஒரு குருவிகூட குளிக்காமல் அந்த வீட்டைவிட்டுப் போகவில்லை.

முசே உதறிப் பார்த்தார். ஒன்றுமில்லை. இன்னொன்று கேட்டார். அதிலும் ஒன்றுமில்லை. பேனே இல்லாத பறவை உலகத்தில் உண்டா என்று அவருக்குத் தூக்கம் போயிற்று. இன்னும் கொண்டுவா, இன்னும் கொண்டுவா என்றார். சாமிக்கண்ணு பின்வாசலில் கூடையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். அந்தக் கோடையில் மூலக்குளத்துக் குளக்கரை மாந்தோப்பில் விடியற்காலைப் பாட்டு குறைந்தது. பிறகு இல்லாமலே போயிற்று. கேட்டவர்களிடம், "எல்லாம் முசே தோட்டத்துல பாடிக்கினு இருக்கும்" என்று அவரே சமாதானம் சொன்னார். பாவி மனுஷன், அதை நம்பவும் செய்தார்.

கடைசியில் முசே ஊருக்குப் புறப்படத் தயாரானார். கப்பல் வருவதற்குள் ஒரே ஒரு கரிச்சான், இதுதான் கடைசி என்று சொல்லியனுப்பினார். சாமிக்கண்ணு தோப்பெல்லாம் அலைந்தார். ஒன்றும் அகப்படவில்லை. வெறுங்கையோடு போக மனமில்லை. பார்த்துவிட்டு விடப்போகிறார்கள்தானே, கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று ராசாவைக் கூடையில் வைத்தார். அஞ்சலாட்சி அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். ராசாவை என்றைக்கும் யாரும் குளிப்பாட்டியதில்லை. வீட்டுப் பிள்ளைக்கு யார் அலங்காரம் செய்வார்கள்?

அன்றைக்கு அவர் திரும்பவில்லை. திருப்பி வாங்கிக்கொண்டு போக வேண்டுமென்று பின்வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே முசே கத்திய சத்தம் கேட்டது. தேவதாஸ் சிரித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"கெடச்சிடுச்சி சாமிக்கண்ணு!"

"இன்னா கெடச்சிது?"

இனிமேல் மறைக்க வழியில்லை. "பேன்" என்றார்.

"பேனா?"

"அதுக்கோசரம்தான்யா இத்தினி குருவியும். ஒரே ஒரு குருவிகிட்ட இருந்தா போதும்னு ஆரம்பத்துலருந்தே சொல்லிக்கினு இருந்தாரு."

சாமிக்கண்ணு எழுந்து நின்றார். "அப்ப மொதோ குருவியக் கழுவாம குடுத்திருந்தா?"

தேவதாஸ் அப்போதுதான் சிரிப்பை நிறுத்தினார்.

"தோட்டத்துல இருக்கிறதுங்க?"

தோட்டத்தில் காக்கை மட்டும் கத்திக்கொண்டிருந்தது. "என் ராசாவக் குடுய்யா" என்றார் சாமிக்கண்ணு. தேவதாஸ் உள்ளே போய், ஒரு காகிதப் பொட்டலத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

சாமிக்கண்ணு அதைக் குளக்கரையில் புதைத்துவிட்டு வந்தார். அஞ்சலாட்சியிடம் என்ன சொல்வது? அவள் செய்ததெல்லாம் மானத்துக்குப் பயந்து செய்தது. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம். மறுநாள் அவள் வந்து வெறுங்கூண்டைப் பார்த்துக் கேட்டபோது, "முசே ஆசப்பட்டாரு, சீமைக்கு எடுத்தும்போறாரு" என்றார்.

அவள் பதறிப்போனாள். "குளிப்பாட்டாமயா அனுப்புன?"

அதற்குப் பிறகு சாமிக்கண்ணு கண்ணி வைக்கவில்லை. கொல்லைக் காவலை விட்டுவிட்டு முதலியார்பேட்டைப் பஞ்சாலைக்கு வேலைக்குப் போனார். அங்கே இருந்த இரைச்சலில் எந்தக் குருவியின் பாட்டும் கேட்காது. இதையெல்லாம் ஆலை வாசலில் வைத்து என்னிடம் சொன்னவர், அஞ்சலாட்சி காதுக்குப் போகக்கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டார். நானும் சொல்லவில்லை.

அவள் கடைசிவரை அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்கூட்டுலருந்து போன குருவிங்க மேல ஒரு பேன் இருந்திருக்குமா? ஒரு கொற சொல்லியிருப்பாரா அந்த முசே?" பிறகு குரல் இறங்கிவிடும். "ராசா ஒண்ணுதான் அழுக்கோட போயிட்டான். அன்னிக்கு நான் ஊட்டுல இல்லாம போயிட்டேன். அதான் எனக்கு ஆறல."