பட்டியலில் தங்கிய பெயர்

தன்னை யாருக்கும் தேவையில்லாதவராக ஆக்கிக்கொள்வதே ஒருவருடைய வேலை என்றால், அதை அவர் எவ்வளவு தூரம் மனசாரச் செய்ய முடியும்?

அந்தச் சிறிய கல்லூரியில் பன்னிரண்டு வருஷம் மாணவர் முன்னேற்ற ஆலோசகராக இருந்த அம்மாளின் வாழ்க்கையைப் பார்த்தால் இந்தக் கேள்விதான் எழுகிறது. அவர் இதைத் தன்னிடம் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அதற்கு நேரமும் இல்லை. ஒரு நாளைக்குப் பதினான்கு பேர், ஆளுக்கு இருபது நிமிஷம். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயரே அதுதான்.

"எங்கடா கிளம்பிட்ட?"

"இருபது நிமிஷம் கூப்பிடுது."

இது அவர் காதிலும் விழுந்தது. கோபப்படவில்லை. அவருக்கு முன் அந்த வேலையில் இருந்தவருக்குக் 'கொட்டாவி' என்று பெயர்.

ஐம்பதுக்குக் கீழே மதிப்பெண் வாங்கியவர்களின் பெயர் அவருடைய பட்டியலுக்கு வரும். அவர்கள் வாரம் ஒருமுறை வந்து அவர் எதிரே உட்கார வேண்டும். "எல்லாமே கஷ்டமா இருக்கு மேடம்" என்பார்கள். "எல்லாம்னா எந்தப் பக்கம்? புத்தகத்தைத் திற" என்பார். எந்தப் பக்கத்தில் புரியாமல் போனது என்று தேடிக் கண்டுபிடிப்பார்கள். அவருக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான். பெரிய வித்தை என்று சொல்லிவிட முடியாது. பலருக்கு அது போதுமாக இருந்தது.

தொடர்ந்து இரண்டு தேர்வில் அறுபதைத் தாண்டியவரைக் கையெழுத்துப் போட்டு விடுவிக்க வேண்டும் என்பது விதி. பெயர் தானாக நீங்காது. விடுவித்த பிறகு அவர்கள் நடைவழியில் பார்த்தால் லேசாகத் தலையசைப்பார்கள். சிலர் பார்க்காத மாதிரியும் போவார்கள். அந்த அறைக்கு வந்துபோன காலத்தை யாருக்கு நினைக்கப் பிடிக்கும்? தேறாதவர்களோ கல்லூரியையே விட்டுப் போய்விடுவார்கள். எப்படிப் பார்த்தாலும் எதிர் நாற்காலி காலிதான்.

அறை இரண்டாவது மாடியில், ஒரு காலத்தில் ஆய்வகக் குடுவைகளை அடுக்கி வைத்திருந்த இடம். அலமாரித் தட்டுகளில் அளவு எழுதி ஒட்டிய சீட்டுகள் இன்னும் இருந்தன. வீடு பேருந்தில் நாற்பது நிமிஷத் தூரம். பூட்டைத் திறந்ததும் விளக்குக்கு முன்னால் ரேடியோவைப் போடுவார். ஞாயிற்றுக்கிழமை தம்பி வெளியூரிலிருந்து பேசுவான். "சாப்பிட்டியாக்கா? முட்டி வலி எப்படி?" என்பான். இரண்டுக்கும் பதில் சொன்னால் பேச்சு முடிந்துவிடும்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு வருபவர் முப்பத்தாறு வயதுப் பெண். துணிக்கடை வேலையை விட்டுவிட்டு ஆய்வக நுட்பம் படிக்க வந்தவர். பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு முதல் பெஞ்சில் உட்கார்ந்ததால் 'முன்வரிசை அக்கா' ஆகிவிட்டார். முதல் பருவத்தில் முப்பத்தொன்று வாங்கி அழுதுகொண்டே வந்தார். மூன்றாம் பருவத்துக்குள் பாட விஷயம் ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும் அளவுக்குத் தேறிவிட்டார். மீதி பதினைந்து நிமிஷமும் பேச்சுதான்.

"என் பொண்ணு என் கையெழுத்தப் பாத்துட்டு, 'அம்மா, இது கோழி கிளறுன மாதிரி இருக்கு, திருப்பி எழுது'ங்கறா மேடம். ஏழு வயசு!"

"எழுதினீங்களா?"

"எழுதாம விடுவாளா? பக்கத்துலயே நின்னா!"

அம்மாள் அன்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அந்தப் பெண் இரண்டாம் முறையும் அறுபதைத் தாண்டியபோது விடுவிப்புப் படிவம் மேஜைக்கு வந்தது. அம்மாள் பேனாவை எடுத்து, 'மேலும் ஒரு மாதம் கவனிக்க' என்று எழுதினார். அடுத்த மாதமும் அதையே எழுதினார். நான்காவது மாதம் யோசிக்கக்கூட இல்லை; கை தானாக எழுதியது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பதிவு அலுவலக எழுத்தர் மூச்சு வாங்கிக்கொண்டு மாடியேறி வந்தார்.

"மேடம், முன்வரிசை அக்காவோட ஆஸ்பத்திரிப் பயிற்சி விண்ணப்பம் திரும்பி வந்துடுச்சு. உங்க பட்டியல்ல பேரு இருந்தா பயிற்சிக்குப் போகக் கூடாதுல்ல?"

அம்மாளுக்கு விதி தெரியும். அந்தப் பெண் இந்த வருஷமே விண்ணப்பிப்பார் என்பது மட்டும் தெரியாது. பதினைந்து நிமிஷப் பேச்சில் அதை அவர் கேட்டதே இல்லை.

"கடைசி நாள் என்னைக்கு?"

"இன்னைக்கு அஞ்சு மணி. விட்டா அடுத்த வருஷம்தான். அதுவரைக்கும் தாங்காது, மறுபடியும் துணிக்கடைக்கே போயிடுவேன்னு கீழ உக்காந்து சொல்லிட்டிருக்கு." எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். "மார்க்கைப் பாத்தேன். எழுபத்திரண்டு! எப்படி மேடம் உங்க பட்டியல்ல இருக்கு?"

அம்மாள் இழுப்பறையைத் திறந்து அந்தப் பெண்ணின் படிவத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"சரி விடுங்க. இன்னும் ஒரு பருவம் கவனிக்கணும்னு நினைச்சேன்னு எழுதிடுங்க. உங்க தீர்ப்பை யாரும் கேள்வி கேக்க முடியாது. இந்த வருஷப் பயிற்சி கைவிட்டுப் போகும், அவ்வளவுதான். இப்ப நீங்க கையெழுத்துப் போட்டாலும் பேரு நீங்க ஒரு வாரம் ஆகும். தப்பு உங்களுதுன்னு எழுதிக் குடுத்தாத்தான் முதல்வர் இன்னைக்கே விடுவிப்பாரு. ஆனா அடுத்த மாசம் உங்க ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம். நானா இருந்தா வாயத் திறக்க மாட்டேன்."

அம்மாள் ஒரு தாளை எடுத்து நான்கு வரி எழுதினார். விடுவிக்க வேண்டிய நாளுக்குப் பிறகு நான்கு மாதம் இந்த மாணவியைப் பட்டியலில் வைத்திருந்தேன். படிப்பில் அதற்குக் காரணம் எதுவும் இல்லை. தவறு முழுக்க என்னுடையது. அந்தத் தாளைத் தானே எடுத்துக்கொண்டு போய் முதல்வரின் அறை வாசலில் ஒரு மணி நேரம் நின்றார். முதல்வர் தாளை இரண்டு முறை படித்தார். "படிப்பில் இல்லைன்னா வேற எதுல?" என்று கேட்டார். "தப்புதான் சார்" என்றார் அம்மாள். நாலே முக்காலுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதம் அம்மாளின் ஒப்பந்தத்தை ஒரு வருஷத்துக்குப் பதில் ஆறு மாதத்துக்குப் புதுப்பித்தார்கள்.

கடிதத்தின் நகல் ஒன்று முன்வரிசை அக்காவுக்கும் போயிருந்தது. அது கிடைத்த ஒரு வாரம் கழித்து அவர் அம்மாளின் அறை வாசலில் வந்து நின்றார்.

"கோபம்தான் மேடம். பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு நாள் வீட்டுல உங்களத் திட்டிட்டே இருந்தேன்."

"திட்டணும்மா."

"அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். நானும்தான் நல்லா பேசிட்டிருந்தேன், என்னை எப்ப விடுவீங்கன்னு ஒரு தடவை கேக்கல." சற்று நேரம் கதவின் கைப்பிடியைத் தடவிக்கொண்டு நின்றார். "பயிற்சி மதியமே முடிஞ்சிடும். வியாழக்கிழமை சும்மா வரட்டுமா? பட்டியல் கிட்டியல் எதுவும் வேணாம். பேசிட்டுப் போறேன்."

அம்மாள் மேஜை மேலிருந்த தாள்களை ஒழுங்காக அடுக்கினார்.

"வேண்டாம்மா" என்றார். "அந்த நேரத்துக்கு வேற ஆள் இருக்கு."

அப்படி யாரும் இல்லை. நேர அட்டவணை போடும் எழுத்தருக்கு அது நன்றாகத் தெரியும். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று ஒருநாள் கேட்டே விட்டார். அம்மாள் அடுத்த வாரத்துக்கான புதுப் பட்டியலை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மாடியேறினார்.