உயர வரிசையில் நின்ற கல்லறைத் தோட்டம்

தோட்டம் தொடங்கப்பட்ட ஆண்டு 1871. சுற்றுச்சுவர் எழுப்பப்பட்டது 1903, விழுந்தது 1958, மீண்டும் எழுப்பப்படவில்லை. காவலர் பிறந்தது 1949. 1964 முதல் 1983 வரை நகரத்துப் புகைப்பட நிலையத்தில் உதவியாளர்; 1984 முதல் இத்தோட்டத்தின் காவலர். ஊரார் அவரை அழைக்கும் பெயர் ‘குரூப் போட்டோ’.

புகைப்பட நிலையத்தில் அவருடைய வேலை படம் எடுப்பதன்று, ஆட்களை நிறுத்துவது. குட்டையானவர்கள் முன்னால், நெட்டையானவர்கள் பின்னால், தோளோடு தோள் இடிக்காமல் ஓர் ஆள் இடைவெளி. பள்ளிக்கூடமோ தொழிற்சாலையோ, யார் வந்தாலும் இந்த ஒழுங்கு மாறாது. நிலையம் மூடப்பட்டபோது அவர் கற்றிருந்த தொழில் இது ஒன்றே.

அவர் பொறுப்பேற்ற நாளில் தோட்டம் பார்க்கச் சகிக்காத நிலையில் இருந்தது. கற்களில் பாதி சாய்ந்திருந்தன. மீதி மண்ணுக்குள் இறங்கியிருந்தன. பாசி பெயர்களைத் தின்றிருந்தது. குழந்தைகளின் சிறு கற்கள் கோரைப்புல்லில் மறைந்து, காலில் இடறிய பின்பே கண்ணுக்குத் தெரிந்தன. பெரிய கற்களில் ஆடுகள் முதுகு தேய்த்துக்கொண்டன.

1986இல் பழைய கல்லறைத் தோட்டங்களுக்கென ஒரு போட்டி அறிவிக்கப்பட்டது. தோட்டம் முழுவதும் தெரியும்படி ஒரே ஒரு புகைப்படம் அனுப்ப வேண்டும் என்பது விதி. காவலர் இரவல் கேமராவுடன் போய் நின்றார். பெரிய கற்கள் சிறிய கற்களை மறைத்தன. பத்தொன்பது ஆண்டுப் பழக்கம் கையைச் சும்மா விடவில்லை. பராமரிப்புக் குழுவின் செயலாளரான மாவு மில்காரரிடம் போய், எல்லாக் கற்களையும் பெயர்த்து உயர வரிசையில் நட அனுமதி கேட்டார்.

“கல்லை மாத்திடலாம் சரி. கீழ இருக்கறவங்க?” என்றார் மில்காரர்.

“அவங்க போட்டோல வர மாட்டாங்களே சார்.”

மில்காரருக்கு அதில் ஒரு குறையும் தென்படவில்லை. குழு ஒருமனதாக ஒப்புதல் அளித்தது. அந்தக் கோடை முழுவதும் காவலரும் கல்தச்சரும் கற்களைத் தோண்டினார்கள், கழுவினார்கள், வரிசையாக நட்டார்கள். குழந்தைகளின் கற்கள் முன்னால் வந்தன. மிக உயரமான கற்கள் பழைய வண்டிப்பாதையின் மேல், கடைசி வரிசையில், உயரம் குறையக் குறைய இடமிருந்து வலமாக நின்றன. ஒவ்வொரு கல்லுக்கும் இடையே ஓர் ஆள் இடைவெளி. படம் எடுக்கும்போது காவலர் பழக்க தோஷத்தில் “யாரும் அசையாதீங்க” என்று குரல் கொடுத்தாராம். யாரும் கண் சிமிட்டாமல் அமைந்த முதல் குழுப் படம் அது என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறார்.

முதல் பரிசாகப் புல் வெட்டும் இயந்திரம் கிடைத்தது. ஊரில் யாரும் குறை சொல்லவில்லை. தாத்தாவின் பெயரை முதல் முறையாகப் படிக்க முடிந்ததே என்று சிலர் கண்கலங்கினார்கள். வரிசை கலையக் கூடாது என்று குழு தீர்மானமே போட்டது. வண்டிப்பாதையில் அதுவரை யாரையும் புதைத்ததில்லை என்பதால், இனி வருபவர்களுக்குக் கடைசி வரிசையின் இடைவெளிகளே இடம். அதுவும் கல்லின் உயரப்படி. இதன் விளைவாக ஊரில் கற்கள் மளமளவென்று வளர்ந்தன.

சிக்கல் 2018இல் காவலரின் சொந்த அக்கா வடிவில் வந்தது. அவருக்கு வயது எழுபத்து மூன்று. நகரத்தில் மகள் வீட்டில் இருந்தார். லாரி ஓட்டுநரான அவர் கணவர் 1981இல் இறந்து இங்கே புதைக்கப்பட்டவர். அக்காவுக்கு இதய அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். படுப்பதற்கு முன் தன் இடத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று வந்து இறங்கினார்.

“அவரு பக்கத்துல எனக்கு இடம் இருக்கில்ல? காட்டு.”

காவலர் கடைசி வரிசையைக் காட்டினார். பிறகு மனசு கேட்காமல், “ஆனா அத்தான் இங்க இல்லக்கா. கல்லுதான் இருக்கு” என்றார்.

“என்னடா சொல்றே? நீ கல்லை மட்டுமா தூக்கிட்டு வந்தே?”

“பின்ன?”

“கூடவே ஆளையும் நீ கொண்டு வந்திருப்பேன்னுல்ல முப்பது வருஷமா நெனச்சிட்டிருந்தேன்! வருஷா வருஷம் வந்து, மக வீட்டுக் கதையெல்லாம் இந்த வெறும் தரைகிட்டயாடா சொன்னேன்?”

காவலர் பழைய இடத்தைத் தேடப் புறப்பட்டார். அடையாளமாக இருந்த மரம் என்றோ விழுந்துவிட்டது. பழைய வாசலும் இடம் மாறியிருந்தது. புல்வெளியில் உள்வாங்கிய பள்ளங்கள் மூன்று, ஏறக்குறைய அந்தத் திசையில் இருந்தன. அக்கா முதல் பள்ளத்தருகே நின்று, இடுப்பில் கைவைத்துக் குனிந்தார்.

“ஏங்க, லாரிய விட்டுட்டு வர்ற வழியில எங்க போய் உக்காந்திருந்தீங்க?”

காற்றுகூட அசையவில்லை. அக்காவின் முகம் மலர்ந்தது.

“இதுதான்டா! இப்படித்தான் வாயே திறக்க மாட்டாரு.”

“மத்த ரெண்டு பேரையும் கேட்டுப் பாரேன்” என்றார் தம்பி.

அக்கா கேட்டார். மற்ற இருவரும் அதே பதிலைத்தான் சொன்னார்கள். அவர் சிறிது நேரம் புல்லின்மேல் உட்கார்ந்திருந்தார்; அழுதாரா என்று காவலர் எட்டிப் பார்க்கவில்லை.

“சரி விடு” என்று எழுந்தார் அக்கா. “லாரியில போனப்பவும் மனுஷன் எந்த ஊர்ல இருக்காருன்னு எனக்குத் தெரியாது. பேரு எழுதின கதவுக்குத்தான் திரும்பி வருவாரு. பேரு எங்க இருக்கோ அங்கயே நானும் இருந்துக்கறேன்.”

கடைசி வரிசைக்குத் திரும்பியபோதுதான், இத்தனை ஆண்டும் கணவரின் கல்லை மட்டுமே பார்த்திருந்த அவர், அதற்கு அடுத்த கல்லைக் கூர்ந்து படித்தார். அது மாமியாருடையது, 1991இல் அக்கா வர முடியாமல் போன அடக்கத்தின்போது வைக்கப்பட்டது.

“இவங்க எப்படிடா பக்கத்துல வந்தாங்க?”

“அந்த அம்மா விவரமானவங்கக்கா. மகன் கல்லு எவ்வளவு உயரம்னு ஆள் அனுப்பிக் கேட்டாங்க. நாலடி ஆறு அங்குலம்னு சொன்னேன். தனக்கு நாலடி அஞ்சுன்னு உயிரோட இருக்கும்போதே கல்லு சொல்லிட்டாங்க. வரிசைப்படி பக்கத்துலதானே வரணும்? வலப்பக்கம் ஓர் ஆள் இடம் விட்டு வெச்சேன். அத்தான் மாதிரி இல்ல, அவங்க சரியா கல்லுக்குக் கீழயே இருக்காங்க.”

“இருப்பாங்க, இருப்பாங்க. வீட்டை விட்டு நகர்ந்த ஆளா அது?”

தகவல் அறிந்து மில்காரர் வந்தார். அக்கா எங்கே வேண்டுமானாலும் வரலாம், ஆனால் வரிசை கலையக் கூடாது என்றார். காவலர் ஒரு வழி சொன்னார்.

“நாலடி ஏழுன்னு கல்லு போட்டா, நீ அத்தானுக்கு இந்தப் பக்கம் வந்துடலாம்க்கா. மாமியார் தொல்லை இல்ல.”

“அப்போ அவரு?”

“அவரு நடுவுல.”

அக்கா இரண்டு கற்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கல்யாணமான நாள்லேருந்து எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிச்ச மனுஷன்டா. லாரி எடுத்துட்டு ஓடினதே அதுக்குத்தான். செத்தும் அதே இடமா? வேண்டாம். நான் நடுவுல வரேன்.”

“மாமியாரோட தோள் ஒட்டியா?”

“எனக்கும் பேச்சுத் துணை வேணாமா?”

வரவழைக்கப்பட்ட கல்தச்சர் தலையைச் சொறிந்தார். “அரை அங்குலத்துக்கெல்லாம் உளி கேக்காதும்மா.”

“கேக்கும். நான் நின்னு கேக்க வைக்கறேன்.”

நின்றார். சிகிச்சையைப் பதினைந்து நாள் தள்ளிப் போடச் சொல்லிவிட்டு, பட்டறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உச்சியை இழைக்க வைத்தார். கல் வந்த அன்று காவலர் அளவு நாடாவின் ஒரு முனையையும் மில்காரர் மறுமுனையையும் பிடித்தார்கள். இடைவெளியில் கல்லை இறக்கியபோது, காவலர் தன்னையறியாமல் சில அடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடி வரிசையைப் பார்த்தார்.

“கொஞ்சம் இடப்பக்கம்” என்றார்.

கல்லோடு சேர்ந்து அக்காவும் இடப்பக்கம் நகர்ந்தார்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அக்காவுக்கு இப்போது எண்பது நடக்கிறது. ஆண்டுக்கொரு முறை வந்து, தன் கல்லின் அருகே நின்று, இருபுறமும் திரும்பித் திரும்பிப் பேசிவிட்டுப் போகிறார்.

அவருடைய கல்லின் உயரம்: நான்கு அடி, ஐந்தரை அங்குலம்.