மூன்றாவது மாடிக்குப் பூட்டுப் போட்டது நான்

ராஜகீழ்ப்பாக்கத்தில் நான் குடியிருக்கும் மாடி வீடு நான் கட்டியது. கேம்ப் ரோடு பக்கம் பல் ஆஸ்பத்திரி நடக்கிற கட்டடம் நான் கட்டியது. சேலையூரில் ஒரு தெருவே என் கையால் எழுந்தது. எங்கள் சர்ச்சின் மணிக்கூண்டும் முன்வாசல் படிகளும் நான் போட்டவை. கூலி வாங்காமல் போட்டவை. அனகாபுத்தூரில் ஆறு ஏறி வந்து வீடுகளைச் சாய்த்தபோது, நான் அஸ்திவாரம் போட்ட வீடு அசையவில்லை. போய்ப் பார்க்கலாம், இன்னும் நிற்கிறது. ஒரு காலத்தில் என்னை உட்காரச் சொல்லாமல் நிற்க வைத்தே பேசி அனுப்பிய பேங்க், இன்று என் கட்டடத்தில் வாடகைக்கு இருக்கிறது. இத்தனைக்கும் நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். மணல் சுமக்கும் ஆளாக வந்து, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, காண்ட்ராக்டர் என்று போர்டு வைத்தவன். கைகொடுத்துத் தூக்கிவிட்டவர் ஒருவர் கிடையாது.

இதெல்லாவற்றுக்கும் மேலாக ஒரு இன்ஜினியரையும் உண்டாக்கினேன். என் ஒரே மகள். எலக்ட்ரானிக்ஸ் படித்தாள்.

அவள் கடைசிப் பரீட்சை எழுதி முடித்த வாரமே, ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே நிற்கும்போது நான் சொன்னேன்: "முதல் சம்பளமே அம்பதாயிரம் வரும். அப்படியே கொண்டாந்து ஆண்டவர் பாதத்துல வெப்பா." எங்கள் சபையில் அது வழக்கம். பிள்ளைகள் முதல் மாதச் சம்பளத்தை ஒரு ரூபாய் எடுக்காமல் கவரில் போட்டுக் காணிக்கையாக வைக்க வேண்டும். போதகர் பிள்ளையை முன்னால் கூப்பிட்டு, எங்கே வேலை என்று கேட்டு, தலையில் கை வைத்து ஜெபிப்பார். கவரில் எவ்வளவு என்று பீடத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். வெளியே செருப்பு மாட்டும்போது அப்பனிடம் கேட்பார்கள்.

ஐம்பது என்பது வாய்க்கு வந்த எண் இல்லை. என்னிடம் பூச்சு வேலை செய்யும் கொத்தனாருக்கு, மாதம் முழுக்க வேலை ஓடினால், முப்பதுக்குக் குறையாது. நாலு வருஷம் காலேஜ் போனவளுக்கு அதற்கு மேல் இருபது வைக்க வேண்டாமா? இந்தக் கணக்கைச் சபையில் எத்தனையோ பேரிடம் சொன்னேன். வாத்தியார்கள், ஆபீஸ்காரர்கள், எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர்கூட இல்லை என்று சொல்லவில்லை.

முதலில் கிண்டியில் ஒரு சின்னக் கம்பெனி அவளைக் கூப்பிட்டது. மெஷின்களுக்குள் வைக்கிற போர்டுகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. பதினெட்டாயிரம். அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்று முகத்தில் தெரிந்தது. நான் வேண்டாம் என்றேன். "பதினெட்டுக்கு எங்கிட்ட சித்தாளே வரமாட்டான்" என்று சொன்னேன்.  கூடப் படித்த பிள்ளைகளுக்கும் பதினெட்டு, இருபதுதான் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னாளாம். அம்மா என்னிடம் சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை.

கொஞ்ச நாளில் இன்னொரு வேலை கிடைத்துவிட்டது என்றாள். பள்ளிக்கரணையில், சதுப்பு நிலத்தைப் பார்த்த கண்ணாடிக் கட்டடம், மூன்றாவது மாடி. பயிற்சி முடிந்ததும் நாற்பத்தைந்து, அப்புறம் ஐம்பது. அன்று சாயங்காலம் தெருவுக்கே ஜாங்கிரி கொடுத்தேன்.

காலையில் தலை வாரி, கழுத்தில் பட்டையோடு கார்டு மாட்டி, வேளச்சேரி பஸ்ஸில் போவாள். இருட்டுவதற்குள் வந்துவிடுவாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. அந்த ஒழுங்குதான் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. வேலைக்குப் போகிற மனுஷன் வீட்டுக்கு வந்து யாரையாவது திட்டுவான். இவள் யாரையும் திட்டவில்லை. மேலதிகாரி இல்லை, பக்கத்து சீட்டுக்காரி இல்லை, போனில் ஆபீஸ் பேச்சு இல்லை. ஆபீஸ் எப்படி என்று கேட்டால் "நல்லா இருக்குப்பா" என்பாள். மறுநாளும் அதே ரெண்டு சொல், அதே இழுப்பு. அவள் துப்பட்டாவில் ஒரு வாசனை வந்தது. எனக்கு அது நன்றாகத் தெரியும். கட்டி முடித்து, ஆள் குடிவராமல், ஜன்னல் திறக்காமல் கிடக்கும் வீட்டின் வாசனை. "ஏசி ரூம்ல உக்காந்தா அப்படித்தான் இருக்கும்" என்றாள் என் மனைவி. ஏசி ஓடுகிற இடத்துக்கு அந்த வாசனை வராது.

மாதம் முடிந்தது. போதகர், காணிக்கை எந்த ஞாயிறு என்று கேட்டார். மகளிடம் கேட்டேன். சம்பளம் அக்கவுண்டில் ஏற இன்னும் கொஞ்சம் டைம் ஆகும் என்றாள். அடுத்த மாதமும் முடிந்தது. அதே பதில்.

ஒரு மத்தியானம் மேடவாக்கத்தில் சைட் பார்த்துவிட்டு, அப்படியே பள்ளிக்கரணைக்கு வண்டியை விட்டேன். அந்தக் கட்டடம் எனக்குத் தெரிந்ததுதான். பின்பக்கப் பூச்சு வேலை என் ஆட்கள் செய்தது. ரோட்டில் லாரி மேல் லாரி போகிறது, கட்டடத்துக்குள் நுழைந்ததும் சத்தம் அப்படியே அறுந்துவிட்டது. லிப்டில் விளக்கு இல்லை. வாட்ச்மேன் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து சோற்றுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"யாரப் பாக்கணும் சார்?"

மூன்றாவது மாடி ஆபீஸ் என்றேன்.

"அங்க இன்னா ஆபீஸ் கீது? காலி பண்ணிகினு எப்பவோ போய்ட்டானுங்க. கரண்டு கூட புடுங்கியாச்சு."

அப்படியானால் மேலே யாரும் இல்லையா என்றேன்.

அவர் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார். "பசங்க வருதுங்க சார். காலைல வருதுங்க, சாயங்காலம் போவுதுங்க. ஒரு சத்தம் கெடையாது. நானும் முதல்ல கேட்டேன். ட்ரெய்னிங்னு சொல்லிச்சுங்க. அப்பாலிக்கு நான் மேல போறதில்ல."

படியேறினேன். இத்தனை கட்டடம் ஏறி இறங்கியவன், அந்தப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன்.

பெரிய கூடம். மேற்கூரையில் வயர்கள் தொங்கின. தரை விரிப்பைப் பாதி உரித்துக்கொண்டு போயிருந்தார்கள். மேஜைகள் மட்டும் வரிசையாக இருந்தன. எந்த மேஜையிலும் கம்ப்யூட்டர் இல்லை. ஒவ்வொரு மேஜைக்கு முன்னாலும் ஒரு பிள்ளை. பையன்கள் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருந்தார்கள். பெண்கள் தலைமுடியை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். எல்லோர் கழுத்திலும் கார்டு. எல்லோரும் நேராக, இல்லாத கம்ப்யூட்டரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே வந்ததும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றாகவே திரும்பிக்கொண்டார்கள்.

ஒரு பையன் மட்டும் எழுந்து வந்தான். மரியாதையாகக் குனிந்து கேட்டான்: "இன்டர்வியூவா சார்? ஹெச்.ஆர். இன்னும் வரல. உக்காருங்க."

ஐம்பதைத் தாண்டி நரைத்துப்போய், காலில் சிமெண்ட் ஒட்டிய செருப்போடு நிற்கும் என்னை அவன் இன்டர்வியூவுக்கு வந்தவன் என்றான். கிண்டல் இல்லை. அவன் கண்ணில் கிண்டலே இல்லை.

மகள் ஜன்னலோரம் இருந்தாள். பக்கத்தில் போய், வீட்டுக்குப் போகலாம் வா என்றேன். அவள் அதிர்ச்சி அடையவில்லை. குரலை இறக்கி, ஆஸ்பத்திரியில் பேசுவது போலச் சொன்னாள்:

"கீழ வெயிட் பண்ணுங்கப்பா. அஞ்சரைக்குத்தான் விடுவாங்க."

யார் விடுவார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அந்தக் கூடத்தில் அதைக் கேட்கக் கூடாது என்று தோன்றியது. காலியாக இருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அங்கே உட்கார்ந்துதான் விஷயம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. பக்கத்தில் இருந்த பெண் இன்னொருத்தியிடம் கிசுகிசுத்தாள், சம்பளம் எவ்வளவு என்று அல்ல, "உங்க வீட்ல எவ்ளோ சொல்லியிருக்கீங்க?" என்று. அவள் நாற்பது என்றாள். இன்னொருவன், தன் வீட்டில் அறுபது சொல்லிவிட்டதாக, ஏதோ நோயைச் சொல்வது போலச் சொன்னான். பயிற்சி என்று சேர்த்துக்கொண்ட கம்பெனி, பிராஜெக்ட் வரப்போகிறது என்று கடைசியாக ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டு மறைந்துவிட்டது. இவர்கள் மறையவில்லை. வீட்டில் ஒரு எண் சொல்லியாகிவிட்டது. அந்த எண்ணோடு பகலில் வீட்டில் இருக்க முடியாது.

தாம்பரத்தில் காலையில் கூலி ஆட்கள் நிற்கும் முனை ஒன்று உண்டு. பூச்சுக் கரணையும் சோற்றுத் தூக்குச்சட்டியுமாக நிற்பார்கள். மேஸ்திரி வராவிட்டால், வெயில் ஏறியதும் திட்டிக்கொண்டே கலைந்து போவார்கள். இந்தப் பிள்ளைகளுக்குக் கலைந்து போகத் தெரியவில்லை.

சாயங்காலக் காற்று சதுப்பு நிலத்திலிருந்து எழுந்தது. பின்பக்கம் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது போல. கூடத்தின் கதவு தானாக மெல்லத் திறந்தது. உடனே எல்லோரும் எழுந்து நின்றார்கள். பயிற்சியில் அப்படிப் பழக்கியிருக்கிறார்கள், சார் வந்தால் நிற்க வேண்டும் என்று. வாசலில் யாரும் இல்லை. கதவு தானாகச் சாத்திக்கொண்டது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் கவனித்தேன், நானும் எழுந்து நின்றிருக்கிறேன்.

அஞ்சரைக்கு வரிசையாகப் போனார்கள். கதவோரச் சுவரில் கார்டு காட்டும் மெஷின் இருந்தது. கரண்டு இல்லாத மெஷின். ஒவ்வொருவரும் கார்டை அதில் வைத்து, சத்தம் வருமா என்று ஒரு கணம் காத்திருந்து, அப்புறம் வெளியே போனார்கள். என் மகளும் வைத்தாள். காத்திருந்தாள். என் முதுகெல்லாம் சிலிர்த்துவிட்டது. வெள்ளத்திலும் சாரம் சரிந்தபோதும் வராத பயம் அது.

ரோட்டுக்கு வந்து, லாரிச் சத்தத்தில்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"கிண்டி கம்பெனில அந்த சீட்டுக்கு வந்தவன் வேலைய விட்டு நின்னுட்டானாம்ப்பா. மறுபடி கூப்ட்டாங்க. நாளைக்குள்ள சொல்லணும். அதே பதினெட்டுதான்."

ஏன் இத்தனை நாளும் என்னிடம் சொல்லவில்லை என்றேன்.

"நீங்கதான் சர்ச்ல அம்பதுன்னு சொல்லிட்டீங்களே. அங்க என்னன்னு சொல்வீங்க?"

வண்டியை எடுக்காமல் ரோட்டோரத்திலேயே நின்று யோசித்தேன். என் சைட்டுக்கு முதல் நாள் வருகிறவனுக்கு நான் கொத்தனார் கூலி கொடுத்ததே இல்லை. மணல் சலித்து, கலவை போட்டு, சுவர் ஏற்றக் கற்ற பிறகுதான் அந்தக் கூலி. என் கொத்தனாருக்கு முப்பது வர எத்தனையோ வருஷம் ஆனது. அவளுக்கு மட்டும் முதல் நாளே என்று நான் போட்ட கணக்கு எந்தச் சைட்டிலும் செல்லாது.

"சர்ச்ல நான் பேசிக்கிறேன். நீ போன் போட்டு வரேன்னு சொல்லு. இப்பவே, எம் முன்னாடியே போடு" என்றேன்.

போட்டாள். வரேன் என்று சொன்னாள்.

மறுநாள் கட்டடத்தின் சொந்தக்காரரிடம் பேசி, அந்த மாடிக்குப் பூட்டுப் போட நானே போனேன். பிள்ளைகள் வழக்கம் போல வந்து, பூட்டைப் பார்த்துப் படியிலேயே நின்றார்கள். அந்த மரியாதைக்காரப் பையன் கேட்டான்: "இன்னிக்கு லீவா சார்?"

"இனிமே லீவுதான். வீட்டுக்குப் போய் உள்ளத சொல்லுங்க. ஒரு வாரம் திட்டுவாங்க, அவ்ளோதான்."

ஒருவரும் நகரவில்லை. வெகுநேரம் கழித்து ஒரு பெண் கழுத்திலிருந்த கார்டைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். மற்றவர்கள் அவளையே பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். நான் உள்ளே போய், உடைந்திருந்த கண்ணாடியையும் மாற்றி அடைத்துவிட்டு வந்தேன். அதற்கப்புறமும் காலையில் மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்பதாக வாட்ச்மேன் சொல்கிறார். காற்றுதான் என்றேன். காற்று புக வழியில்லை என்று எனக்குத் தெரியும்.

மகள் கிண்டியில் ஒரு மாதம் முடித்தாள். பிடித்தம் போகப் பதினாறும் சில்லறையும் வந்தது. கவரில் நான் கொஞ்சம் சேர்த்து வைக்கவா என்றேன். வேண்டாம் என்றாள். அப்படியே வைத்தாள். வெளியே வந்ததும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "என்ன மேஸ்திரி, அம்பதுன்னு சொன்னீங்களே, கவர் மெலிசா இருக்கே?"

"பதினாறுதான் சார். ஆனா வந்துடுச்சு" என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது. அவருடைய பேரன் அப்போது கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தான். இப்போது அவர் என்னிடம் வந்து, எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று கேட்கிறார்.

இப்போது மகளுக்குச் சம்பளம் நன்றாக ஏறிவிட்டது. போன மாதம் எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில், படிப்பு முடிக்கிற பிள்ளைகளுக்கு முதல் வேலையைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். நன்றாகப் பேசினாள். முதல் சம்பளத்தைப் பார்க்காதீர்கள், கற்றுக்கொள்ள வேலை இருக்கிறதா என்று பாருங்கள் என்றாள். "எங்க வீட்லகூட முதல்ல வேண்டாம்னாங்க, நான் போனேன்" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். போதகர் ஆண்டவருக்கும் காலேஜுக்கும் நன்றி சொன்னார். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

வேண்டாம் என்றவன் நான்தான். அதைச் சொல்லட்டும், எனக்கு வெட்கமில்லை. ஆனால் அந்த ரோட்டோரத்தில் போ என்று சொன்னவனும் நான்தான். அந்த மாடிக்குள் போய் உட்கார்ந்துவிட்டு வந்தவனும், பூட்டுப் போட்டவனும், சபை முன்னால் என் ஐம்பதை விழுங்கியவனும் நான்தான். முதல் பாதியை மைக்கில் சொல்லி, இரண்டாம் பாதியை விட்டுவிட்டால் அது என்ன நியாயம்? அடுத்த கூட்டத்தில் அவள் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "எங்கப்பா போகச் சொன்னார்." மூன்று சொல்தான். மைக்கில், எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும்.