எருமையை விட்டுவிட்டு மீதியைச் சொல்லுங்கள்: நாமக்கல்லில் ஒரு லாரி வகுப்பு

பொங்கல் விடுமுறையோடு இரண்டு நாள் விடுப்பைச் சேர்த்துப் போட்டுக்கொண்டு, கும்பகோணத்திலிருந்து சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் சித்தி மகள் கவிதா வீட்டுக்குப் போயிருந்தேன். திட்டம் என்னவோ ஏற்காடுதான். ஆனால் சாப்பிடும்போது கவிதா ஒரு சேதி சொன்னாள். அவளுடைய கல்லூரித் தோழி நாமக்கல்லில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறாளாம். இப்போது அங்கே பெண்களுக்கும் லாரி ஓட்டச் சொல்லித் தருகிறார்களாம். நான் கணக்கு டீச்சர். யார் எதைச் சொல்லிக் கொடுத்தாலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்கிற வியாதி எனக்கு உண்டு. ஏற்காடு எங்கேயும் ஓடிப்போகாது என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு சேலம் புதிய பேருந்து நிலையத்தில் ஏறினேன். மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் வழியாகச் சுமார் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் ஐம்பது ரூபாய். காலையில் போகிறவர்கள் வலதுபக்க ஜன்னலைப் பிடியுங்கள். இடதுபக்கம் வெயில் முகத்திலேயே அடிக்கும். பாதி வழியிலிருந்து கோழிப்பண்ணை வாடை பஸ்ஸுக்குள் ஏறிக்கொள்ளும், இறங்கவே இறங்காது. நாமக்கல் புதிய பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து பயிற்சி மைதானத்துக்கு ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய்.

"லாரி பழகறதுக்குங்களா?" என்றார் ஆட்டோக்காரர்.

"சும்மா பார்க்கத்தான்."

"பாக்கறதுல என்னங்க இருக்குது, ஏறி ஓட்டிப் பாருங்க!"

மைதானத்தில் ஒரு பழைய லாரி, நட்டுவைத்த நான்கு கம்பங்கள், ஒரு வேப்பமரம், அதன் கீழ் பிளாஸ்டிக் நாற்காலிகள். பயிற்சியாளர் பழனிசாமி. அறுபது வயது இருக்கும். முப்பது வருடம் வடக்கே லாரி ஓட்டியவர். காலை எட்டு மணி வகுப்பு ஆண்களுக்கு. நான் போய் உட்கார்ந்த நிமிடத்திலேயே அவருடைய பாடம் காதில் விழுந்தது.

"டேய் எருமை! பின் டயரு கம்பத்துக்கிட்ட வாரதுக்கு முன்னாலயே எவண்டா உன்னை ஸ்டியரிங்கை ஒடிக்கச் சொன்னது? உங்கொப்பன் ஊட்டுச் சுவத்துல இப்படித்தான் கொண்டுபோயி இடிப்பியா?"

அந்த இளைஞன் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை முன்னால் எடுத்தான். அடுத்த முறை டயர் கம்பத்தருகே வரும்வரை பொறுத்திருந்து ஒடித்தான். லாரி சரியாக உள்ளே போனது.

ஒன்பதரைக்கு சுமதி வந்தார். வயது முப்பத்தெட்டு. கூடவே கணவர் செல்வராசு. இவர்களுக்கு ஒரே ஒரு சொந்த லாரி. செல்வராசுவே ஓட்டிக்கொண்டிருந்தார். சர்க்கரை வியாதி கண்ணைத் தொட்டுவிட்டது. லைசென்சைப் புதுப்பிக்கக் கண் டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. வண்டி நான்கு மாதமாக வீட்டு வாசலில் நிற்கிறது. சுமதியிடம் கார் லைசென்ஸ் இருந்ததால் லாரிக்கும் எடுத்துவிடலாம் என்று இறங்கினார். முதல் தேர்வில் ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தில் இடித்துவிட்டார். மறுதேர்வு அடுத்த நாள் காலையில். "நாளைக்கும் ஆகலைன்னா ஞாயித்துக்கெழமை புரோக்கர் வந்து வண்டியை வெலைக்கு எடுத்துட்டுப் போயிருவாருங்க" என்றார் செல்வராசு, என்னைப் பார்க்காமல்.

சுமதி ரிவர்ஸ் எடுத்தார். இடித்தார்.

பழனிசாமி மிக மரியாதையாகச் சொன்னார்: "நல்லாத்தான் ஓட்டறீங்க அம்மிணி. பழகப் பழக வந்துருமுங்க."

மறுபடி எடுத்தார், மறுபடி இடித்தார். "பரவால்லீங்க அம்மிணி." மூன்றாவது முறையும் அதேதான். எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷனுக்குத் தெரியாமலா இருக்கிறது? எட்டு மணிக்கு ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாரே!

நாலாவது முறை இடித்ததும் சுமதி எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

"ஏனுங்ண்ணா, நான் உள்ள வாரப்ப, எனக்கு முன்னால ஓட்டுன தம்பி வாசல்ல சொல்லிட்டுப் போகுது, டயரு கம்பத்துக்கிட்ட வந்தப்பறம் ஒடிக்கோணும்னு நீங்க திட்டுனீங்கன்னு. ஒரு மாசமா வாரேன், எங்கிட்ட அதைச் சொல்லவே இல்லீங்களே?"

பழனிசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "பொம்பளைங்களை ஒரு வார்த்தை திட்டக் கூடாதுன்னு ஓனரம்மா சொல்லிருக்குதுங்க. கேபின்ல கேமராகூட இருக்குது. நான் தொழில் பழகுனதே அடியும் வசவும் வாங்கித்தான். வாயைத் தொறந்தா அதுதான் மொதல்ல வருது. அதான் சும்மா இருக்கறதே மரியாதைன்னு இருந்துட்டேனுங்க."

"எருமையை உட்டுட்டு மீதியை மட்டும் எனக்குச் சொல்லுங்ண்ணா" என்றார் சுமதி. "மரியாதையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, வண்டி போயிருமுங்க."

இந்தத் தொழிலில் ஆண்கள் பெரும்பாலும் மைதானத்தை நம்பிப் பழகியவர்கள் இல்லை. கிளீனராகச் சேர்ந்து, கண்ணாடி துடைத்து, டிரைவர் கையைப் பார்த்துப் பார்த்து, அடி வாங்கி, ஒருநாள் ஆளில்லாத ரோட்டில் ஸ்டியரிங்கைப் பிடிப்பார்கள். ஒரு பெண்ணைப் பத்து நாள் டிரிப்புக்கு யார் கிளீனராக ஏற்றுவார்கள்? அவளுக்கு இந்த மைதானமும் இந்த மனிதரின் வாயும்தான் பள்ளிக்கூடம். அந்த வாயும் மூடிவிட்டால் போச்சு.

எங்கள் பள்ளிகளில் பிரம்பு போனது நல்ல காரியம். அது திரும்பி வரவே கூடாது. ஆனால் "எதுக்கு வம்பு" என்று தப்பைத் தப்பு என்று சொல்வதையும் சேர்த்து நிறுத்திவிட்டவர்களை ஆசிரியர் அறையில் நிறையப் பார்க்கிறேன். வீட்டில் கேட்க ஆளில்லாத பிள்ளைக்குத்தான் "வெரி குட்" சீக்கிரம் கிடைக்கிறது. அது மரியாதை இல்லை, கைகழுவல். அன்று வேப்பமரத்தடியில் எனக்குக் கோபம் வந்தது. இதை எழுதும்போதும் வருகிறது.

பழனிசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு சுமதியைப் பின் டயர் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டுத் தானே ஏறி, ஆமை வேகத்தில் ரிவர்ஸ் எடுத்தார். "டயரையே பாத்துட்டுக் கூடவே நடங்க அம்மிணி. நான் எப்ப ஒடிக்கறேன்னு நீங்க எனக்குச் சொல்லோணும்." சுமதி நடந்தார். "இப்பங்ண்ணா!" என்று கத்தினார். பிறகு இடம் மாறினார்கள். சுமதி ஓட்ட, பழனிசாமி பக்கத்தில். ஒவ்வொரு தடவையும் அவர் வாய் திறக்கும், ஒரு வார்த்தை தொண்டைவரை வந்து நிற்கும், அதை விழுங்கிவிட்டு அடுத்ததைச் சொல்வார்: "தப்புங்க. சீக்கிரம் ஒடிச்சுட்டீங்க." "தப்புங்க. இப்ப லேட்டு." பன்னிரண்டு மணிக்கு லாரி கம்பத்தைத் தொடாமல் உள்ளே போனது. பாராட்டவில்லை. "இன்னொருக்கா எடுங்க" என்றார்.

என்னால் அப்படியே கிளம்ப முடியவில்லை. கோட்டை அருகே தொள்ளாயிரம் ரூபாய்க்கு அறை எடுத்துத் தங்கினேன். போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: கோட்டைப் பாறையில் காலை எட்டு மணிக்குள் ஏறி இறங்கிவிடுங்கள், பிறகு கால் சுடும். ஆஞ்சநேயர் கோயிலுக்குச் சனிக்கிழமை போனால் கூட்டத்தில் நிற்க வேண்டும். லாரிப் பயிற்சி பார்க்க விரும்பினால் முதலில் போனில் அனுமதி கேளுங்கள். பழகுகிறவர்களைப் படம் பிடிக்காதீர்கள். பெண்களைப் பழகச் சேர்த்துவிடுவதாக இருந்தால், ஒரு வகுப்பு முழுக்கக் கூட உட்கார்ந்து பாருங்கள். எத்தனை முறை "தப்பு" என்கிறார்கள் என்று கவனியுங்கள்.

மறுநாள் பத்தரைக்குத் தேர்வு. சுமதி ரிவர்ஸ் எடுத்தபோது செல்வராசு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "பாஸ்" என்று நான்தான் அவர் தோளைத் தட்டிச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அவருக்கும் எனக்கும்.

பயிற்சி லாரியிலேயே என்னைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிடுவதாகச் சொன்னார்கள். சுமதி ஓட்டினார், பக்கத்தில் பழனிசாமி, அடுத்து நானும் செல்வராசுவும். செல்வராசு புரோக்கருக்குப் போன் போட்டார்.

"வண்டி குடுக்கறதில்லீங்க... ஆமாங்க, டிரைவர் கெடச்சுட்டாங்க... இல்லீங்க, வெளியாள் இல்லீங்க. எங்க ஊட்டுல சுமதிதானுங்க."

சுமதி திரும்பிக் கணவரைப் பார்த்தார்.

"தப்புங்க அம்மிணி," என்றார் பழனிசாமி. "ரோட்டைப் பாருங்க."